மேஜை யாருடையது? – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்திருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்தூசுகளைப் பற்றிய ஆய்வு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டதும் ஒருவன், “விஷவாயு செய்த இடம், அணுகுண்டுக்கு வழி போட்ட இடம், அங்கேயா போகிறாய்?” என்று கேட்டான். இன்னொருவன், “அதற்கு, அணுப்பிளவுக்காக நோபல் வாங்கிய ஓட்டோ ஹான் பெயரை வேறு வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்த இயற்பியலாளர் லிசே மைட்னருக்கு வர வேண்டிய நோபலைத் திருடியவர்” என்றான். தேடிப் படித்தேன், குழப்பம்தான் கூடியது. அந்த வாசலுக்குள் பெருமையோடு நுழைவதா, வெட்கத்தோடு நுழைவதா? ஹான் நல்லவரா, கெட்டவரா? இப்படிப்பட்ட நிறுவனங்கள் நம் நாட்டில் ஏன் உருவாகவில்லை? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

சு.

அன்புள்ள சு.,

முதலில் வாழ்த்துகள். முகம் தெரியாத பிள்ளை ஒன்று ஆராய்ச்சிக்குப் போகிறது என்று கேட்டாலே எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்புவதுதான் என் வழக்கம். உங்களுடையதைப் பொதுவில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. சமீபத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் தினக் கூட்டத்தில் லிசே மைட்னரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போய்வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதன் மேல் உங்கள் கடிதம் வந்து விழுந்தது. ஆகவே உங்களுக்குச் சேர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டு விழலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் இரண்டு கட்டடங்களை ஒன்றாக்கிவிட்டார். 1912 அக்டோபர் 23 அன்று, பெர்லின் ஓரத்தில் இருக்கும் டாலெமில், கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் இரண்டு ஆய்வு நிறுவனங்களை ஒரே நாளில் திறந்துவைத்தார். ஒன்று வேதியியலுக்கு. பக்கத்திலேயே இன்னொன்று, இயற்பிய வேதியியலுக்கும் மின்வேதியியலுக்கும். அந்த இரண்டாவதன் தலைவர்தான் ஃப்ரிட்ஸ் ஹேபர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதன் பின்னால் இருந்தவர் அவர். நீங்கள் போகிற மைன்ஸ் நிறுவனம் முதலாவதன் வாரிசு.

உடனே ‘அப்பாடா’ என்று மூச்சு விட வேண்டாம். முதலாவது கட்டடத்து ஓட்டோ ஹான் முதல் உலகப் போரில் ஹேபரின் வாயுப் படைப்பிரிவில் வேலை பார்த்தவர். கிழக்கு முனையில், தங்கள் வாயுவில் மூச்சுத் திணறிக் கிடந்த ரஷ்யச் சிப்பாய்களைப் பார்த்ததையும், தன் முகமூடியைக் கொண்டு அவர்களைக் காப்பாற்ற முயன்றதையும் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அதே கட்டடத்து ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், இலைப் பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து 1915-இல் நோபல் வாங்கியவர், போர்க்காலத்தில் பூக்களின் நிறத்தை விட்டுவிட்டு வாயு முகமூடிக்கு வடிகட்டி செய்துகொடுத்தார். யூதர். பின்னால் மியூனிக் பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பைச் சகிக்க முடியாமல் பேராசிரியர் பதவியைத் தூக்கியெறிந்தார். கடைசியில் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. இந்தக் கதைகளில் யாரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

நம் நாட்டில் ஏன் இல்லை என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இதை எல்லோரும் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நிறுவனத்துக்குப் பணம் பெரும்பாலும் அரசாங்கக் கஜானாவிலிருந்து வரவில்லை. பாடம் நடத்தும் சுமை இல்லாமல் வேதியியலாளர்கள் ஆராய்ச்சி மட்டும் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று பெர்லின் பேராசிரியர் எமில் ஃபிஷர் போன்றவர்கள் வருஷக்கணக்கில் அலைந்து, சாயத் தொழிற்சாலை முதலாளிகளிடம் கேட்டு வாங்கிய பணம். நம் முதலாளிகளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், கல்யாண மண்டபம் கட்டித் தருவார்கள்.

சரி, மைட்னருக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவரை ஒரு ‘பாவப்பட்ட பெண்’ ஆக்கிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார்கள். நோபல் பறிபோனது, நாடு பறிபோனது, அச்சச்சோ. மாணவிகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது கோபம். 1907-இல் வியன்னாவிலிருந்து முனைவர் பட்டத்தோடு பெர்லினுக்கு வந்தவர் அவர். ஃபிஷரின் நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதி கிடையாது என்பதால் கீழ்த்தளத்தில் ஒரு தச்சுப்பட்டறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மேலே ஏறக் கூடாது. டாலெமில் புதுக் கட்டடம் வந்தபோது சம்பளமில்லாத விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தார். சில வருஷங்களிலேயே அங்கே இயற்பியல் பிரிவுக்குத் தலைவி. ஹான் போர்முனையில் இருந்த நாட்களில் பெரும்பாலும் தனியாக வேலை பார்த்து, 1918-இல் புரோட்டாக்டினியம் என்ற தனிமத்தை அவரோடு சேர்ந்து அறிவித்தார். வேலையில் கறார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குப் பயந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு மனுஷியை மேடையில் ஏற்றி அழ வைப்பதுதான் மரியாதையா?

அந்த ஹான்–மைட்னர் பிரிவில் நான் மிகவும் ரசிப்பது ஒரு சின்ன விஷயத்தை. கதிரியக்கப் பொருளின் தூசு கையில் ஒட்டினால் அது போகிற இடமெல்லாம் ஒட்டும், அளவுக் கருவி பொய் சொல்லும். ஆகவே அங்கே யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்திலும், ஒவ்வொரு டெலிபோனுக்குப் பக்கத்திலும் கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்று தொங்கும். காகிதத்தைக் கிழித்து, அதைக் கொண்டுதான் கைப்பிடியைத் திருக வேண்டும், போனை எடுக்க வேண்டும். கதிரியக்கம் ஏற்றுவது ஓர் அறை, ரசாயன வேலை இன்னோர் அறை, அளப்பது மூன்றாவது அறை. கட்டடம் புதுசு, அதற்கு முன் அங்கே யாரும் எதையும் சிந்தியிருக்கவில்லை. அந்தச் சுத்தத்தைக் கால் நூற்றாண்டு காப்பாற்றியதால்தான் 1938-இல் தம்மாத்துண்டு கதிரியக்கத்தை அவர்களால் நம்பி எண்ண முடிந்தது.

(சுத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹானுக்கு முன்னால் அங்கே இயக்குநராக இருந்தவர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக். வருஷக்கணக்கில் பாதரசத்தோடு வேலை செய்து தலைவலி, மறதி என்று அவதிப்பட்டு, காரணம் பாதரச ஆவிதான் என்று கண்டுபிடித்து, 1926-இல் அந்த ஆபத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். பின்னாளில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் நல்லவர்–கெட்டவர் பட்டியலுக்கு உதவும்.)

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம். விஷவாயு இருக்கிறது, அணுகுண்டு இருக்கிறது, ஹான் இருக்கிறார், மைட்னர் இருக்கிறார். ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் எங்கே? எம்.எஸ்சி. வேதியியல் படித்த பிள்ளை, தேடியும் படித்திருக்கிறீர்கள், அவர் பெயர் கண்ணில் படவே இல்லையா? பட்டிருக்கும். இரண்டு பேர் வழக்காடும்போது மூன்றாவது ஆளை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்ட்ராஸ்மனைப் பற்றிச் சொல்ல நான் என் கல்லூரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பி.எஸ்சி.யில் உப்புப் பகுப்பாய்வு நீங்களும் செய்திருப்பீர்கள். இரண்டு உப்புகளைக் கலந்து கொடுப்பார்கள், எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சை நாளில் லேப் அட்டெண்டர் கையில் எதையாவது வைத்தால் உப்பின் பெயர் வந்துவிடும். அப்புறம் என்ன? ரெக்கார்டு நோட்டில் இன்ஃபரன்ஸை, அதாவது முடிவை, முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றாற்போல அப்சர்வேஷனை, கண்ணால் கண்டதை, நிரப்புவதுதான். என் பக்கத்து மேஜைக்காரி அப்படித்தான் ஐந்தாம் குரூப்பில் (பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் வருகிற வரிசை) ஸ்ட்ரான்ஷியம் என்று எழுதியிருந்தாள். சுடர்ச் சோதனையில் கருஞ்சிவப்பு என்றும் எழுதியிருந்தாள். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வாட்ச் கிளாஸை எடுத்தார், அவளுடைய உப்பில் ஒரு சிட்டிகை வைத்தார், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குழைத்தார், பிளாட்டினக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினார். சோடியத்தின் மஞ்சள்தான் பளீரென்று வந்தது. அவள் கம்பியைச் சரியாகக் கழுவி வைத்திருக்கவில்லை. “எங்கடி சிவப்பு?” என்றார். அவள், “மிஸ், சால்ட் ஸ்ட்ரான்ஷியம்தானே?” என்றாள். “அது எனக்குத் தெரியும். நீ சிவப்பைப் பார்த்தியா?” அவ்வளவுதான். சரியான விடைக்குப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த டீச்சர் கடைசிவரை தற்காலிகப் பணியிலேயே இருந்தார். நிர்வாகத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. தேர்ச்சி விகிதம் இறங்குகிறதாம்.

1934 முதல் 1938 வரை உலகத்தின் ஆகப் பெரிய ஆய்வகங்கள் அந்தப் பக்கத்து மேஜைக்காரி செய்ததைத்தான் செய்துகொண்டிருந்தன. ரோமில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினார். புதுப் புதுக் கதிரியக்கம் வந்தது. அன்றைக்குத் தெரிந்ததில் 92-ஆவதான யுரேனியம்தான் கடைசித் தனிமம், அதைத் தாண்டி 93, 94 என்று புதுத் தனிமங்கள் பிறந்திருக்கின்றன என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். இன்ஃபரன்ஸ் முதலிலேயே எழுதியாகிவிட்டது. அணு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், பாதியாக உடையாது என்பது இயற்பியல்காரர்களின் அசையாத நம்பிக்கை. ஐடா நோடாக் என்ற வேதியியலாளர் 1934-லேயே, உடைந்திருக்கலாமே, ஏன் யோசிக்கவில்லை என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் சோதித்துப் பார்க்கவில்லை. டாலெமில் மைட்னர்தான் ஹானை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்தார். ஸ்ட்ராஸ்மன் மூன்றாவதாகச் சேர்ந்தார். இவர்களும் எக்கா-ரீனியம், எக்கா-ஆஸ்மியம் என்று வரிசையாகப் பெயர் வைத்து, கட்டுரை மேல் கட்டுரை எழுதினார்கள். அத்தனையும் தப்பு.

1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார். அதுவரை ஆஸ்திரியப் பிரஜை என்ற கவசத்தில் தப்பித்திருந்த மைட்னர் ஒரே நாளில் ஜெர்மானிய யூதர் ஆகிவிட்டார். நிறுவனத்துக்குள்ளேயே, குர்ட் ஹெஸ் என்ற நாஜி வேதியியலாளர், இந்த யூதப் பெண்ணால் நிறுவனத்துக்கே ஆபத்து என்று பேசத் தொடங்கினார். ஹான் பயந்துபோய், இனி நிறுவனத்துக்கு வராதே என்று மைட்னரிடம் சொன்னார். அதே ஹான், ஜூலையில் அவர் தப்பிப் போகும்போது, எல்லையில் யாருக்காவது கொடுக்க உதவும் என்று தன் தாயாரின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஜூலை 13 அன்று, பையில் பத்து மார்க்கோடு, டச்சு இயற்பியலாளர் டிர்க் கோஸ்டரின் துணையில் மைட்னர் எல்லையைக் கடந்தார். ஹான் நல்லவரா என்று கேட்டீர்களே, மார்ச் மாதத்து ஹானா, ஜூலை மாதத்து ஹானா என்று முதலில் சொல்லுங்கள்.

இலையுதிர் காலத்தில், ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து ரேடியம் போன்ற ஒன்று வருவதாகக் கண்டார்கள். ரேடியம் தனிம அட்டவணையில் பேரியத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த ஐந்தாம் குரூப்பு ஞாபகம் இருக்கிறதா? பேரியம் எங்கே போகிறதோ, ரேடியமும் அதன் பின்னாலேயே போகும். தராசில் நிற்காத அளவு ‘ரேடிய’த்தைப் பிடிக்க வேண்டுமானால், கொஞ்சம் பேரிய உப்பைக் கரைசலில் போட்டுப் படிகமாக இறக்க வேண்டும். ரேடியம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பேரியம் குளோரைடாக இறக்கலாம், அதுதான் அடர் அமிலத்தில் சுத்தமான அழகான படிகமாக இறங்கும், வேறு கசடு ஒட்டாது என்று யோசனை சொன்னவர் ஸ்ட்ராஸ்மன். ஹானோவரில் பகுப்பாய்வு வேதியியல் படித்த கை அது.

நவம்பர் 13 அன்று கோபன்ஹேகனில் ஹான் மைட்னரை ரகசியமாகச் சந்தித்தார். மைட்னர், இந்த ரேடியம் கணக்கு உதைக்கிறது, மறுபடி சோதியுங்கள் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து சோதித்தார்கள். பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரிக்கும் வழி மேரி கியூரி காலத்திலிருந்து தெரிந்ததுதான். திரும்பத் திரும்பப் படிகமாக்கினால் முதலில் இறங்கும் படிகங்களில் ரேடியம் அதிகமாகச் சேரும். செய்தார்கள். சேரவில்லை. எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி கதிரியக்கம். ஒருவேளை நம் கைதான் சரியில்லையோ என்று, நிஜமான ரேடிய ஐசோடோப்பைக் கொஞ்சம் தங்கள் ‘ரேடிய’த்தோடு கலந்து அதே சோதனையைச் செய்தார்கள். நிஜ ரேடியம் ஒழுங்காக முதல் படிகங்களில் போய்ச் சேர்ந்தது. இவர்களுடையது பேரியத்தை விட்டு அசையவே இல்லை. ஏனென்றால் அது பேரியமேதான். யுரேனியத்தின் எடையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம் உள்ள பேரியம்.

டிசம்பர் 22 அன்று கட்டுரையை அனுப்பினார்கள். 1939 ஜனவரி 6 அன்று வெளியானது. அதில் அவர்கள் எழுதியதன் சாரம் இது: வேதியியலாளர்கள் என்ற முறையில் இதை ரேடியம் என்று சொல்லக் கூடாது, பேரியம் என்றே சொல்ல வேண்டும், ஆனால் இயற்பியலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் என்ற முறையில், இதுவரையிலான அனுபவத்துக்கெல்லாம் எதிரான அந்த முடிவுக்கு எங்களால் இன்னும் தாவ முடியவில்லை. இன்ஃபரன்ஸ் எழுதக் கை நடுங்குகிறது. ஆனால் அப்சர்வேஷனை மாற்றி எழுதவில்லை. என் டீச்சர் முழு மதிப்பெண் போட்டிருப்பார். கட்டுரையின் அடியில் கிளாரா லீபர், இர்ம்கார்ட் போனெ என்று இரண்டு ஆய்வக உதவியாளர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதையும் யாரும் படிப்பதில்லை. இன்ஃபரன்ஸை எழுதி முடித்தது ஸ்வீடனில் மைட்னரும் அவருடைய அக்காள் மகன் ஓட்டோ ஃப்ரிஷ்ஷும். கிறிஸ்துமஸ் விடுமுறையில், பனியில் நடந்துகொண்டே. அணு உடைந்திருக்கிறது (இதுதான் அணுப்பிளவு), 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளியாகிறது என்று கணக்குப் போட்டார்கள்.

இனி ஸ்ட்ராஸ்மன். 1902-இல் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். 1929-இல் உதவித்தொகையில் டாலெமுக்கு வந்தார். உதவித்தொகை முடிந்தபின் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். 1933-இல் ஜெர்மானிய வேதியியலாளர் சங்கம் நாஜிகளின் கைக்குப் போனது. ஸ்ட்ராஸ்மன் சங்கத்திலிருந்து விலகினார். அவ்வளவுதான் செய்தார். கொடி பிடிக்கவில்லை, துண்டுப் பிரசுரம் அடிக்கவில்லை. அந்த ஒரு கையெழுத்தால் தொழிற்சாலைகளில் வேலை கிடையாது என்று ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகும் தகுதிக்கும் வழி அடைபட்டது. முப்பத்தொரு வயது, கையில் காசில்லை. ஓர் உறுப்பினர் அட்டைதானே, வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார் என்று சொல்ல எத்தனை நலம்விரும்பிகள் இருந்திருப்பார்கள்! நம் ஊரில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு நாம் எத்தனை அட்டை வாங்கியிருக்கிறோம். 1935-இல் மைட்னர் வற்புறுத்தியதால் ஹான் அவருக்குப் பாதிச் சம்பளத்தில் ஒரு வேலை போட்டுக்கொடுத்தார். கவனியுங்கள், வற்புறுத்தியது மைட்னர். கொடுத்தது ஹான். உலகத்தின் போக்கையே மாற்றிய சோதனையில் கைவேலை பார்த்தவர் அந்தப் பாதிச் சம்பளக்காரர்.

1943-இல், வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கும்போது, ஸ்ட்ராஸ்மனும் அவர் மனைவியும் ஆண்ட்ரியா வோல்ஃபென்ஸ்டைன் என்ற யூதப் பெண்ணைத் தங்கள் பெர்லின் வீட்டில் மாதக்கணக்கில் ஒளித்துவைத்தார்கள். பிடிபட்டால் மூன்று பேருக்கும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராஸ்மன் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1985-இல், யூதப் படுகொலையின் நினைவு நிறுவனமான இஸ்ரேலின் யாட் வஷேம் அவரைக் கௌரவித்தது.

இப்போது பெயர்களைப் பாருங்கள். 1944-க்கான வேதியியல் நோபலை ஹானுக்கு மட்டும் கொடுத்தார்கள். மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் ஒரு மேஜை இருக்கிறது. அந்தச் சோதனையின் மெழுகுக் கட்டி, கண்ணாடிக் குடுவை, மின்கலங்கள், எண்ணும் கருவி எல்லாம் அதன் மேல் இருக்கும். பல பத்தாண்டுகள் அதை ‘ஓட்டோ ஹானின் வேலை மேஜை’ என்று எழுதிவைத்திருந்தார்கள். மூன்று அறைகளில் மூன்று பேர் கையாண்ட சாமான்களை ஒரே மேஜையில் அடுக்கினால் ஒரே ஆளுடைய மேஜை போலத்தான் தெரியும். காகிதச் சுருள் வைத்துக் கதவு திறந்தவர்களுக்கு இப்படி ஓர் அவமானம்! இந்த அநியாயத்தை எதிர்த்துப் பலர் பேசினார்கள், நல்லது. மைட்னருக்கு நியாயம் கிடைக்கத் தொடங்கியது. 109-ஆவது தனிமம் மைட்னீரியம் ஆயிற்று. டாலெமில் ஓட்டோ ஹான் கட்டடம் என்றிருந்தது 2010-இல் ஹான்–மைட்னர் கட்டடம் ஆயிற்று. இதில் எனக்கு மனத்தாங்கல் என்னவென்றால், அந்தக் கட்டடத்தின் பழைய நினைவுப் பலகையில் ஹானோடு ஸ்ட்ராஸ்மனாவது இருந்தார். அநியாயம் நடந்தபோது மைட்னர் விழுந்தார், அநியாயத்தைச் சரிசெய்தபோது ஸ்ட்ராஸ்மன் விழுந்தார். ஜோடியாக இருந்தால்தான் நம் ஞாபகத்துக்குத் தோது போல. 1966-இல் அமெரிக்கா கொடுத்த ஃபெர்மி விருது ஒன்றுதான் மூன்று பேரையும் சேர்த்து உட்காரவைத்தது.

இத்தனைக்கும் ஸ்ட்ராஸ்மன், தங்கள் குழுவில் சிந்தனைத் தலைமை மைட்னருடையதுதான் என்று பிற்பாடு சொன்னவர். மைட்னர் போய்விட்ட பின்னாலும் அவர் எங்களில் ஒருவராகவே இருந்தார் என்பது அவர் கட்சி. ஹான் அப்படிச் சொல்லவில்லை. போருக்குப் பின்னால் ஹானின் பேச்சுகளில், அணுப்பிளவு தூய வேதியியலின் சாதனையாகவும் இயற்பியல் அதற்கு முட்டுக்கட்டையாகவும் மாறிப்போனது. முப்பது வருஷத் தோழி அந்தக் கதையில் காணாமல் போனார். இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாஜிகள் துரத்தியதால் கட்டுரையில் பெயர் போட முடியாமல் போனது ஒன்று, நாஜிகள் போன பின்னாலும் பெயரைச் சொல்லாமல் இருந்தது இன்னொன்று. இரண்டாவதற்கு ஹான்தான் பொறுப்பு.

மிச்ச வரலாறு சுருக்கமாக. போர்க்காலத்தில் நிறுவனம் ஜெர்மனியின் அணுசக்தி ஆய்வான யுரேனியத் திட்டத்துக்குள் இருந்தது. பிளவில் பிறக்கும் தனிமங்களைப் பட்டியலிடும் வேலை. 1944 பிப்ரவரியில் குண்டு நேராக விழுந்து கட்டடத்தின் ஒரு பகுதி நொறுங்கியது. மிச்சத்தைத் தெற்கே டைல்ஃபிங்கன் என்ற துணி ஆலை ஊருக்கு மாற்றினார்கள். 1945 ஏப்ரலில் நேச நாட்டுப் படைகள் ஹானை அங்கேதான் பிடித்தன. இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் என்ற மாளிகையில் காவலில் இருக்கும்போதுதான் ஹிரோஷிமா செய்தியும் அவருக்கு வந்தது, நோபல் செய்தியும் வந்தது. 1949-இல் நிறுவனம் மைன்ஸுக்கு வந்தது. அதற்கு முன்னாலேயே, 1947-இல், மைன்ஸில் வந்து இயற்பியல் பிரிவை நடத்துங்கள் என்று மைட்னரைக் கூப்பிட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்ட்ராஸ்மன்தான். மைட்னர் வர மறுத்துவிட்டார். ஜெர்மனியில் தங்கியவர்களின் மறதி அவரால் தாங்க முடியாததாக இருந்தது. மைன்ஸில் அப்புறம் எல்லாம் வேறு திசை. விண்கற்களை அளந்தார்கள், அப்போலோ கொண்டுவந்த நிலா மண்ணை அளந்தார்கள், பிறகு காற்றுக்கு வந்தார்கள். பவுல் க்ரூட்ஸன் 1980-இல் இயக்குநரானார், ஓசோன் வேலைக்காக 1995-இல் நோபல். அவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வி. ராமநாதனும் சேர்ந்துதான் 1999-இல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே படிந்து நின்ற பழுப்புத் தூசுப் படலத்தை அளக்கும் பெரிய திட்டத்தை நடத்தினார்கள். நீங்கள் செய்யப்போகும் நுண்தூசு ஆய்வுக்கு அது நேர் பாட்டனார். இதை உங்கள் வாட்ஸப் குழுவில் போடலாம்.

பெருமையா வெட்கமா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லப்போவதும் இல்லை. நீங்கள் போவது அளக்க. உங்கள் கைடு மனசில் ஓர் எண் இருக்கும், ஏற்கெனவே வந்த கட்டுரைகளில் ஓர் எண் இருக்கும், உங்கள் வடிகட்டித் தாள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். அன்றைக்கு எதை எழுதுவீர்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

நீங்கள் போகிற நிறுவனத்தின் முகவரி ஹான்–மைட்னர் பெயரில் இருக்கும் தெரு. அங்கேயும் ஜோடிதான்! ஆனால் அதே மைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் பெயரில் இன்னொரு சின்னத் தெரு உண்டு. அவர் மாக்ஸ் பிளாங்க் பதவியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மாணவர்களுக்காக உருவாக்கிய அணுவேதியியல் துறை அங்கேதான் இருக்கிறது. அவர் முயற்சியில் வந்த ட்ரைகா என்ற அணு ஆய்வு உலை 1965-இல் இயங்கத் தொடங்கியதும் அங்கேதான். போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் அந்தப் பக்கம் நடந்து போங்கள். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள், அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அப்புறம், குளிருக்கான கோட்டை இங்கே வாங்காதீர்கள், கனம்தான் இருக்கும், சூடு இருக்காது. அங்கே போய் வாங்குங்கள்.

அன்புடன்.